பின் பெஞ்சின் இடது கைகள்

உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் முன்னால். எங்கள் உயர்நிலைப் பள்ளியில் உட்காருவதற்கு இதுதான் சட்டம். நான் அப்போதும் குள்ளம், இப்போதும் குள்ளம். பஸ்ஸில் மேல் கம்பி எனக்கு எட்டாது. ஆனால் ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து கடைசிப் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். காலனியிலிருந்து வருகிறவர்கள் குள்ளமாக இருந்தாலும் உயரத்தில்தான் சேர்த்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கொஞ்ச காலம் மெய்யாகவே அப்படி நம்பினேன். கரும்பலகையில் மேல் பாதி தெரியும். கீழ்ப் பாதியை முன்னால் இருக்கிற தலைகள் மறைத்துவிடும். அதைப் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டு எழுதிக்கொள்வேன், அவள் தனக்கு முன்னால் இருப்பவளிடம் கேட்பாள்.

ஊர் மண்ணூருக்குப் பக்கத்தில். வருடம் தொண்ணூற்று ஒன்று. அதே வருடம் வைகாசியில் ஒரு குண்டு வெடித்து எங்கள் வட்டாரத்தின் பெயர் உலகத்துப் பத்திரிகை எல்லாவற்றிலும் வந்தது. அது வேறு கதை, அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது அதற்கு முன்னால், பொங்கல் முடிந்து கரும்புச் சக்கை காய்ந்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது. அப்போது இங்கே கம்பெனிகள் வரவில்லை, ஷிஃப்டும் கிடையாது, ஓ.டி.யும் கிடையாது. ஊர்க்காரர்களுக்கு நெல், காலனிக்காரர்களுக்குச் செங்கல் சூளை. அப்பா கல் குவாரி வேலைக்கு வெளியூர் போய்விட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா சூளையில் கல் சுமந்தாள்.

பள்ளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் ஃபெயில் ஆகிறவர்கள் அதிகமானால் பள்ளிக்குக் கெட்ட பெயர். அதனால் தேறாது என்று ஹெட்மாஸ்டருக்குத் தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்தி, டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். தேறுமா தேறாதா என்று பார்க்க மார்க்கெல்லாம் வேண்டாம், பெஞ்சைப் பார்த்தால் போதும். எங்கள் காலனியிலிருந்து அதுவரை ஒரு பெண்கூட அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து, “இந்த வருஷத்தோட உனக்குப் போதும்மா, தையல் கத்துக்கோ” என்று சொல்லியிருந்தார். எனக்குத் தையல் பிடிக்காது. பத்தாவது படிக்க வேண்டும். அதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு ஆசையே இருந்ததில்லை, தீபாவளிக்குத் துணிகூட கேட்கவில்லை.

இங்கிலீஷ் வாத்தியார் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பள்ளியில் எல்லாரையும்விடப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டாலே குரல் மாறிவிடும். ஆனால் கதை சொல்ல உட்கார்ந்துவிட்டால் அவரைப் போல யாராலும் முடியாது. அந்த வருடம் நான்-டீடெய்ல் பாடமாக ஒரு பழைய அமெரிக்க நாவலின் சுருக்கம் இருந்தது. மெலிந்த புத்தகம், அட்டையில் ஒரு குதிரை.

கதை இதுதான். ஒரு சின்ன ஊர். வெள்ளைக்காரப் பண்ணையாரின் குதிரை காணாமல் போகிறது. லாயத்தில் வேலை பார்க்கும் கறுப்பு மனிதர்தான் திருடினார் என்று ஊரே சொல்கிறது. பண்ணையாருக்கு ஒரு குட்டிப் பெண். அந்தக் குதிரை தானாகவே வேலியைத் தாண்டிக் குதித்து ஓடியதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். தனக்குத் தெரிந்தது பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறாள். பெரியவர்களுக்குத் தெரியாதது எது? அதனால் கோர்ட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று பொம்மையோடு போய் உட்கார்ந்துகொள்கிறாள். கோர்ட்டில் அவளை யாரும் கேட்கவில்லை. அவரை ஜெயிலில் போட்டுவிடுகிறார்கள்.

இதை நான் காலனிக்குக் கொண்டுவந்தேன். சூளையிலிருந்து வந்து குளித்து, உலை வைத்துவிட்டு அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வாசலில் உட்காருவார்கள். வாத்தியார் வகுப்பில் எதுவரை சொன்னாரோ அதுவரை நான் சொல்வேன். டி.வி.யில் தொடர் பார்ப்பது போல அவர்களுக்கு அது ஆகிவிட்டது. ஒருநாள் வாத்தியார் லீவு என்றதற்கு என்னைத்தான் திட்டினார்கள்.

“குதிர வந்துச்சா இல்லியாடி?” என்றாள் எதிர் வீட்டு அத்தை.

“வந்துச்சு அத்த. கொஞ்ச நாள் கழிச்சுத் தானாவே வந்து நின்னுச்சு.”

“அப்ப அந்த ஆள வுட்டுட்டாங்களா?”

“இல்ல. குதிரையப் புடிச்சிக் கட்டிட்டாங்க. அவர வுடல.”

அம்மாவுக்கு வந்த கோபம் பண்ணையார் மேல் இல்லை, நீதிபதி மேலும் இல்லை. அவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும், அதற்கெல்லாம் கோபப்பட்டால் ஆயுசு போதாது. அவளுக்கு வந்ததெல்லாம் அந்தக் குட்டிப் பெண்மேல்தான்.

“கண்ணால பாத்துக்கினுதான இருந்தா? எழுந்து சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தா?”

“அவ சின்னப் பொண்ணும்மா. யாரும் அவளக் கேக்கல.”

“கேட்டாதான் சொல்லணுமா? நம்மள யாரு கேட்டாங்க, நாம பேசாமயா கீறோம்?”

அது உண்மை. அம்மாவை யாரும் எதையும் கேட்டதில்லை, அவள் பேசாமல் இருந்ததும் இல்லை. சூளை மேஸ்திரி அவளைக் கண்டால் வேறு வழியாகப் போவார்.

வகுப்பில் நடந்தது வேறு. கறுப்பு மனிதர் என்ற சொல் வரும்போதெல்லாம் முன் பெஞ்சுகள் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரிக்கும். முதல் முறை எனக்குப் புரியவில்லை. என் கையை நானே பார்த்துக்கொண்டேன். நான் மாநிறம். முன் பெஞ்சில் ஊர்த்தெருவைச் சேர்ந்த ஒருத்தி இருந்தாள். பத்து ஏக்கர் நெல் விளைகிற வீடு. நல்ல கறுப்பு, எண்ணெய் தடவிய நாவல் பழம் போலப் பளபளப்பாக இருப்பாள். அவளுக்கும் எனக்கும் சிநேகம். பள்ளியிலிருந்து ஊர் எல்லை வரைக்கும் சேர்ந்து நடப்போம், எல்லை வந்ததும் அவள் முன்னால் போய்விடுவாள், நான் செருப்புக்குள் கல் விழுந்தது போலக் குனிந்து நிற்பேன். அந்த ஏற்பாடு எப்போது முடிவானது என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை. அவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

இடைவேளையில் கேட்டேன். “கறுப்பா கீறது நீதான? எங்களப் பாத்து இன்னாத்துக்குச் சிரிக்கிற?”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நெற்றியைச் சுருக்கி, கணக்குப் போடுவது போல யோசித்தாள். “தெரிலடி. அல்லாரும் பாத்தாங்க, நானும் பாத்தேன்” என்றாள். கையிலிருந்த கடலை மிட்டாயைப் பாதி உடைத்துக் கொடுத்தாள். நாங்கள் இருவரும் அன்று அந்த விஷயத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

பிறகு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றார்கள். பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கிணற்றடியை எங்களைக் கழுவச் சொன்னார்கள். கல்வி அதிகாரி ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடத்தைத்தான் பார்ப்பார் என்று தெரிந்ததும் எங்கள் வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்கள் பாதிப் பேருக்கு இந்த வழி தெரிந்திருக்கும்.

“அதிகாரி கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். ஒரு கை கூடக் கீழ இருக்கக் கூடாது. பதில் தெரிஞ்சவங்க சோத்துக் கையத் தூக்குங்க. தெரியாதவங்க பீச்சாங்கை. நான் சோத்துக் கையா பாத்துக் கூப்பிடுவேன்.”

எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கும் பிடித்திருந்தது. அப்புறம் அவர் கடைசிப் பெஞ்சுகளின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். “நீங்க எல்லாம் பீச்சாங்கைதான். தெரிஞ்சாலும் தெரியாட்டியும். உங்க நல்லதுக்குதான் சொல்றேன்.”

இதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா மறுநாள் சூளைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்திருப்பாள். வந்தால் ஹெட்மாஸ்டருக்கு டி.சி. எழுத ஒரு காரணம் கிடைத்துவிடும். கையை எங்கே தூக்கினால் என்ன, பத்தாவது கிடைத்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி வந்தார். கழுத்துக் காலருக்குள் கைக்குட்டையைச் செருகிக்கொண்டிருந்த, வயசான, சோர்ந்த மனிதர். மூன்று பள்ளி பார்த்துவிட்டு வந்தவர் போல நாற்காலியில் சாய்ந்தார். ஹெட்மாஸ்டர் கதவருகே நின்றார். முதல் கேள்வி: தொலைந்தது யாருடைய குதிரை? வகுப்பு முழுக்கக் கை. வாத்தியார் ஒரு முன் பெஞ்சுப் பையனை எழுப்பினார், அவன் சரியாகச் சொன்னான். இரண்டாவது கேள்வி, இரண்டாவது சரியான பதில். வாத்தியார் முகத்தில் ரத்தம் திரும்பியது.

அதிகாரி மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார்.

“என்ன சார் இது, இது வரைக்கும் எல்லாரும் ரைட் ஹேண்ட், இங்கேர்ந்து எல்லாரும் லெஃப்ட் ஹேண்டா இருக்காங்க?”

அப்போதுதான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் இருந்தவை எல்லாம் வலது, எங்களிடமிருந்து எல்லாம் இடது. நூல் பிடித்துக் கட்டிய சுவர் போல நேராக இருந்தது. தினமும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். முன் பெஞ்சில் ஒன்றும் தெரியாதவர்கள்கூட வாத்தியார் சொன்னதை மறந்து வலது கையைத் தூக்கியிருந்தார்கள். அதிகாரிக்குத் தெரியக்கூடாது என்று பாவம் வாத்தியார் செய்த ஏற்பாடு, தெரியாத கண்ணுக்கும் தெரியும்படி எங்களைப் பிரித்துக் காட்டிவிட்டது.

“அது ஒரு பழக்கம் சார்” என்றார் வாத்தியார். அவர் நெற்றி நனைந்திருந்தது.

அதிகாரி பாதி வழியிலேயே நின்றபடி அடுத்த கேள்வியைக் கேட்டார். “அந்த ஊர்க்காரங்க அவர்தான் திருடன்னு ஏன் நம்பினாங்க?”

என் சிநேகிதி எழுந்து, “அவர் கறுப்பா இருந்ததால, சார்” என்றாள். நோட்ஸில் இருந்த பதில்.

“நம்ம ஊர்ல அப்படி உண்டா?”

“இல்ல சார். நம்ம நாட்டுல கறுப்பு வெள்ளை வித்தியாசம் கிடையாது, சார்.” இதுவும் நோட்ஸில் இருந்தது. வாத்தியார் தலையாட்டினார், ஹெட்மாஸ்டரும் தலையாட்டினார்.

அந்தப் பதில் தப்பு என்று எனக்குத் தெரியும், வகுப்பில் வேறு யாரையும்விட எனக்குத் தெரியும். என் இடது கை மேலேயே இருந்தது. வாயைத் திறந்தால் டி.சி. என்பதும் தெரியும். ஹெட்மாஸ்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை இறக்கிவிட்டு வலது கையைத் தூக்கினேன்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துவிட்டுத் தன் கையை மாற்றினாள். அவளுக்கு அடுத்தவளும். பிறகு அந்தப் பக்கத்துப் பையன்கள் பெஞ்சு. அதிகாரி ஏதோ புதுச் சட்டம் சொல்லிவிட்டார், இவள் காதில் விழுந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இன்றைக்குக் கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. “தெரிஞ்சுதான் தூக்கினோம்” என்கிறார்கள். இருக்கட்டும். எப்படித் தூக்கியிருந்தாலும் அத்தனை வலது கைகளும் என் பக்கத்தில் நின்றன, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மார்பு நிறைகிறது.

“நீ சொல்லும்மா” என்றார் அதிகாரி.

இங்கிலீஷில் ஆரம்பித்தேன், வரவில்லை, தமிழுக்கு மாறினேன். “கறுப்பா இருந்ததால இல்ல சார். கறுப்பா இருக்கிறவங்க முன் பெஞ்சுலயும் இருக்காங்க சார். குதிரை தொலையறதுக்கு முன்னாடியே அவர்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. அதனாலதான் சார்.”

வகுப்பு சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து நின்றபோதும் நான் உட்கார்ந்திருந்தவர்களைவிடப் பெரிய உயரம் இல்லை.

“நீ இவ்ளோ குள்ளமா இருக்க. கடைசியில உட்கார்ந்தா போர்டு தெரியுதா?”

“பாதி தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் இங்க உட்கார்ந்திருக்க?”

சத்தியமாக நான் யார் மேலும் புகார் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், வீடு எங்கே என்றால் விலாசம் சொல்வது போல. “நாங்க காலனி, சார்” என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னை முன்னால் வந்து கோர்ட் நடக்கிற பக்கத்தை வாசிக்கச் சொன்னார். போனேன். தடுமாறாமல், திக்காமல் வாசித்தேன். எங்கள் வாசலில் எத்தனை முறை வாசித்துச் சொன்ன இடம் அது! எப்படித் திக்கும்? முடித்துவிட்டுத் திரும்பியபோது கரும்பலகையின் கீழ்ப் பாதி தெரிந்தது. வீட்டுப்பாடம் எல்லாம் அங்கேதான் எழுதியிருந்தார்கள்.

அதிகாரி அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. யாரையும் கண்டிக்கவில்லை. இளநீர் குடித்தார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவர் ஏதோ செய்யப் போகிறார் என்று சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது. மறுநாள் ஹெட்மாஸ்டர், “அம்மாவக் கூட்டிக்கிட்டு வா” என்றார். வகுப்பில் நடந்ததை எல்லாம் அன்று ராத்திரி வாசலில் சொன்னேன்.

அவர் கூப்பிட்டது ஒருத்தியை. சூளை டிராக்டர் பள்ளி வாசலில் நின்றபோது பின் பெஞ்சு மொத்தத்துக்கும் அம்மாக்கள் இறங்கினார்கள். தலையில் சும்மாடு, புடவையெல்லாம் செம்மண். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, வந்துவிட்டார்கள். அறைக்குள் இடமில்லாமல் பாதிப் பேர் வராந்தாவில் நின்றார்கள்.

“உன் பொண்ணு அதிகாரி முன்னாடி பள்ளிக்கூடத்தையே அசிங்கப்படுத்திட்டா” என்றார் ஹெட்மாஸ்டர். “வருஷக் கடைசியில டி.சி. தந்துடறேன். வாங்கிக்கிட்டுப் போ.”

“இன்னா பொய் சொன்னா சாரு?” என்றாள் அம்மா. “பொய்யின்னா சொல்லுங்க, உங்க முன்னாடியே வாயில ரெண்டு போடுறேன்.”

“பொய்யின்னு இல்ல...”

“அப்ப நெசத்தச் சொன்னதுக்கா டி.சி.?”

அவர் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார், கழற்றினார். அம்மா விடவில்லை. “சரி, குடுங்க. ஆனா இவ ஒருத்திக்கு வேணாம். ஆறாவதுலேர்ந்து எங்க புள்ளைங்க அல்லாருக்கும் சேத்துக் குடுங்க. குன்றத்தூர்ல கொண்டுபோய்ச் சேத்துக்கிறோம்.”

வராந்தாவிலிருந்து, “ஆமா, குடுங்க!” என்று ஒரே குரலாக வந்தது.

அது கோபத்தில் குருட்டாம்போக்காக வீசிய கல். குன்றத்தூருக்கு எங்களை யார் தினமும் அனுப்பப் போகிறார்கள், பஸ்ஸுக்கு எங்கே போவது? ஆனால் கல் சரியான இடத்தில் விழுந்தது. அத்தனை பிள்ளைகள் ஒரேயடியாகப் போனால் பள்ளியின் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் வேலையிடம் போகும், போனால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் மாற்றலாகிப் போக வேண்டும். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. இங்கிலீஷ் வாத்தியாருக்குத் தெரியும். கதவருகே நின்றிருந்தவர் சட்டென்று உள்ளே வந்து, “சார், அவ நல்லா படிக்கிறா சார். பத்தாவதுல கண்டிப்பா பாஸ் பண்ணுவா” என்றார். அவர் பயம் எங்களுக்கு உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஹெட்மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். “சரி சரி. பரீட்சை எழுதட்டும். எல்லாருக்கும் போல மார்க்கப் பாத்து முடிவு பண்றேன்” என்றார். அம்மா நகரவில்லை. “இவளுக்கு மட்டுமா, அல்லாருக்குமா?” என்றாள். “எல்லாருக்கும்தாம்மா” என்றார். உள்ளே வந்ததிலிருந்து அவர் அவளை அம்மா என்று சொன்னது அப்போதுதான்.

ஜூன் மாதம் எங்கள் காலனியிலிருந்து மூன்று பெண்கள் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு கிடைத்த வேலை, சம்பளம், குன்றத்தூரில் கட்டிய வீடு, எதற்கும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது வந்த சந்தோஷம் வரவில்லை. ஆனால் பெருமை என்று யாராவது கேட்டால் நான் சொல்வது அதைக்கூட இல்லை. அம்மாவோடு அன்று ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து திரும்பி வந்த வழியைத்தான் சொல்வேன்.

டிராக்டர் போய்விட்டிருந்தது. எல்லாரும் ஏரிக்கரை மேல் நடந்தோம். பெண்கள் ஹெட்மாஸ்டர் பேனா மூடியைக் கழற்றியதையும் போட்டதையும் நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் ஏதோ யோசித்தபடி வந்தாள்.

“ஏன் பின்னாடி உக்காந்துக்கினு கீறன்னு அந்த ஆபீசர் கேட்டாரே, அப்ப நீ எப்பிடிச் சொன்ன?”

“நாங்க காலனின்னு சொன்னேன்.”

“அது தெரியும். எப்பிடிச் சொன்ன? சொல்லிக் காட்டு.”

வகுப்பில் சொன்னது போலவே சொல்லிக் காட்டினேன். அம்மா நடப்பதை நிறுத்திவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள்.

“இன்னாத்துக்குடி தலையக் குனிஞ்ச?” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. “மீதியெல்லாம் நல்லாதான சொல்லிக்கினு வந்த? அத மட்டும் ஏன் முனகுன?”

அம்மா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். “இப்ப சொல்லு” என்றாள். சொன்னேன். “ஏரிக்கு அந்தாண்ட கேக்கல” என்றாள். மறுபடியும் சொன்னேன். தண்ணீரைப் பார்த்து நின்று, தொண்டை கட்டும்வரை சொன்னேன்.